அட்டவணை போட்ட மின்வெட்டு: இருட்டை விட்டுவிட்டு இடைவெளியைக் கணக்கிடுங்கள்

காலை 9 முதல் 11.30 வரை, மாலை 5 முதல் 7.30 வரை என்று தினமும் இரண்டு வேளை அறிவித்தே மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். வீட்டில் வயதான தாயார், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நீங்கள். எத்தனை பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் தொல்லை தீரும் என்பது உங்கள் கேள்வி.

இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவே பல காலம் வேலை செய்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் மின்சாரம் இல்லாத ஐந்து மணி நேரத்தையே எண்ணுகிறார்கள். நான் பார்ப்பது 11.30-க்கும் 5 மணிக்கும் இடையே உள்ள ஐந்தரை மணி நேரத்தை. எப்போதாவது ஒரு நாள் மின்சாரம் போகும் வீட்டில் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டால் போதும். தினமும் போகும் வீட்டில், அடுத்த வெட்டுக்குள் அது நிரம்பிவிடுமா என்று கேட்க வேண்டும். வாங்கி ஓராண்டுக்குள் பேட்டரி படுத்துவிட்டது என்று வருபவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் நடந்தது இதுதான்: தினமும் எடுத்தார்கள், ஒரு நாளும் முழுதாக நிரப்பவில்லை.

உங்கள் வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். இரண்டு மின்விசிறி, நான்கு 9 வாட் எல்.இ.டி. விளக்கு, இணைய ரவுட்டர், ஒரு மடிக்கணினி. சாதாரண மின்விசிறி ஒன்று ஏறக்குறைய 75 வாட் இழுக்கும், இரண்டுக்கு 150. விளக்குகள் 36, ரவுட்டர் 10, மடிக்கணினி 60. மொத்தம் 256 வாட். இரண்டரை மணி நேரத்துக்கு 640 வாட்-மணி. இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 15 சதவீதம் விழுங்கும் என்று வைத்துக்கொண்டால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 750 வாட்-மணி போகிறது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் மொத்தச் சேமிப்பு, இரண்டையும் பெருக்கினால், பெயரளவில் 1,800 வாட்-மணி. ஆக, ஒரு வேளைக்கே 42 சதவீதம் காலி.

இப்போது விசிறிகளை மட்டும் பி.எல்.டி.சி. (தூரிகையில்லா நேர்மின் மோட்டார்) வகைக்கு மாற்றுங்கள். அவை முழு வேகத்திலும் 30 வாட் அளவில்தான் இழுக்கும். மொத்தம் 166 வாட். அதே இரண்டரை மணி நேரத்துக்கு, இழப்பும் சேர்த்து, 490 வாட்-மணி. பேட்டரியில் 27 சதவீதம்தான் குறைகிறது. அதனால், பெரிய பேட்டரிக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலில் விசிறிகளை மாற்றுங்கள் என்றே சொல்வேன். மின்சாரம் இருக்கும் நேரத்திலும் அது மிச்சப்படுத்தித் தரும். பேட்டரியால் அது முடியாது.

நிரப்பும் கணக்குக்கு வருவோம். இன்வெர்ட்டரோடு வழக்கமாக வாங்கும் ஈய-அமில பேட்டரிக்கு அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் சார்ஜ் ஏற்றுவது வழக்கம். 150 ஆம்பியர்-மணிக்கு 15 ஆம்பியர். எடுத்த அளவை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதாது. வெப்பமாகவும் வாயுவாகவும் கொஞ்சம் வீணாவதால், 15 முதல் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பழைய விசிறிகளோடு ஒரு வேளைக்கு எடுப்பது, 750 வாட்-மணியை 12 வோல்ட்டால் வகுத்தால், 63 ஆம்பியர்-மணி. திருப்பிக் கொடுக்க வேண்டியது 75. 15 ஆம்பியரில் ஐந்து மணி நேரம் ஆகும். ஆனால் அது காகிதக் கணக்கு. 80 சதவீதம் வரை பேட்டரி மடமடவென வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் அதன் மின்னழுத்தம் ஏறி, உள்ளே போகும் ஆம்பியர் படிப்படியாகக் குறையும். கடைசி 20 சதவீதத்துக்கே மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். உங்கள் ஐந்தரை மணி நேரத்தில் இது முடியாது. புதிய விசிறிகளோடு திருப்பிக் கொடுக்க வேண்டியது 50-க்குள் அடங்கிவிடும். மாலை 5 மணிக்குள் ஏறக்குறைய நிரம்பியிருக்கும்.

இப்போதைய அட்டவணையில் இரவு 7.30 முதல் காலை 9 வரை நீண்ட நேரம் கிடைப்பதால் பழைய விசிறிகளோடும் தப்பித்துவிடலாம். கோடையில் நள்ளிரவில் மூன்றாவது வெட்டு ஒன்றைச் சேர்க்கவும் கூடும். அன்றிலிருந்து கணக்கு உடையும். தொடர்ந்து அரைகுறையாகவே கிடக்கும் ஈய பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். இறுகிய பகுதி பிறகு சார்ஜை வாங்காது. முகப்பில் பச்சை விளக்கு எரியும். மின்சாரம் போன அரை மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கும்.

இரண்டாவது பேட்டரியை இணையாகச் சேர்த்தால் சரியாகிவிடுமா என்று பலர் கேட்பார்கள். சேமிப்பு இரட்டிக்கும். சார்ஜர் அதே 15 ஆம்பியராக இருந்தால், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க அதே நேரம்தான் ஆகும். பெரிய தொட்டி கட்டினாலும் தண்ணீர் அதே குழாயில்தான் வர வேண்டும். ஆகவே கடையில் இன்வெர்ட்டரின் வி.ஏ. அளவை, அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை, மட்டும் கேட்டு வராதீர்கள். எத்தனை ஆம்பியரில் சார்ஜ் ஏற்றும், வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் குறைவாக இருக்கும்போதும் ஏற்றுமா என்று கேளுங்கள். மின்வெட்டு உள்ள ஊரில், மின்சாரம் வந்த பிறகும் மின்னழுத்தம் தாழ்ந்தே இருப்பது சாதாரணம். சில இன்வெர்ட்டர்கள் அந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றாமல், பேட்டரியிலிருந்தே வீட்டை ஓட்டிக்கொண்டிருக்கும்.

பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் எண்ணிலும் கவனம் வேண்டும். 150 ஆம்பியர்-மணி என்பது பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கு. 7.5 ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால்தான் அந்த அளவு கிடைக்கும். இரண்டு மூன்று மடங்கு வேகமாக இழுத்தால் கிடைக்கும் மொத்தமே குறையும். பாதிக்கு மேல் காலி செய்யாமல் ஓட்டினால் ஈய பேட்டரி நெடுநாள் உழைக்கும். தினமும் அடிமட்டம் வரை இறக்கினால் அதன் ஆயுள் சட்டென்று சுருங்கும்.

தினசரி வெட்டு பல மாதம் நீடிக்கும் என்று தெரிந்தால், கையில் பணமும் இருந்தால், லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். விலை கூடுதல்தான். ஆனால் இந்தச் சிக்கலுக்கு அது நேரடியான தீர்வு: பொருத்தமான சார்ஜர் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் நிரம்பும், அரைகுறையாகக் கிடப்பதால் கெடாது, சேமிப்பில் 80 முதல் 90 சதவீதம் வரை எடுக்கலாம், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, இன்வெர்ட்டரில் அந்த வகைக்கான சார்ஜ் அமைப்பு இருக்க வேண்டும். பழைய இன்வெர்ட்டரில் அப்படியே மாட்டித்தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஈய பேட்டரிதான் உங்கள் முடிவு என்றால், மாதம் ஒரு முறை கால் மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆறு மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தீக்குச்சியையும் மெழுகுவர்த்தியையும் அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். பேட்டரியை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். தகடுகள் வெளியே தெரிந்தால், அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முழுதாக சார்ஜ் ஏறிய பின் குறியீட்டுக் கோடு வரை நிரப்புங்கள். முதலிலேயே கோடு வரை ஊற்றினால், சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து அமிலம் வழியும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், வீட்டில் சுத்திகரித்த குடிநீரும் வேண்டாம். இரண்டிலும் உப்பு இருக்கிறது. அமிலம் ஊற்றவே கூடாது. நீர்தான் குறைகிறது, அமிலம் உள்ளேயேதான் இருக்கிறது. முனையில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால், இணைப்பைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் பழைய பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாஸ்லின் தடவுங்கள். அப்போது மூடிகள் மூடியிருக்க வேண்டும். சோடா நீர் ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது. முழுதாக நிரம்பிச் சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.7 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஒரு சிறிய மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இன்வெர்ட்டர், மின்வாரிய மின்சாரத்தைப் போலவே சீரான அலையாகத் தரும் சைன் அலை வகையாகவே இருக்கட்டும். சதுர அலையில் மின்விசிறி உறுமும், மோட்டார் சூடாகும். இந்தச் சுமைக்கு 900 வி.ஏ. தாராளம். வயரிங் செய்பவரிடம் இரண்டைச் சொல்லுங்கள். வெந்நீர் ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, ஏ.சி. செருகும் பெரிய பிளக் எதுவும் இன்வெர்ட்டர் லைனில் வரக் கூடாது. அந்த லைனுக்கு நியூட்ரலும் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) தனியாக வர வேண்டும். நியூட்ரலைப் பொதுவாக விட்டால், மின்கசிவு பாதுகாப்பு சுவிட்ச் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். அதைத் தாங்காமல் யாராவது ஒரு நாள் அந்தச் சுவிட்சையே கழற்றிவிடுவார்கள். உயிரைக் காக்கும் கருவி போய்விடும்.

ரவுட்டருக்குத் தனி வழி உண்டு. அதன் அடாப்டர் தருவது பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்சாரம். பேட்டரியின் 12 வோல்ட்டை இன்வெர்ட்டர் 230 ஆக்கி, அதை அடாப்டர் மறுபடி 12 ஆக்குவது வீண் சுற்று. ரவுட்டருக்கென்றே விற்கும், உள்ளே சிறு பேட்டரி உள்ள கையகல மினி யு.பி.எஸ். ஒன்றை நடுவே மாட்டினால், சில மணி நேரம் இணைப்பு அறுபடாது. மின்சாரம் மாறும் கணத்தில் ரவுட்டர் அணைந்து எழும் தொல்லையும் இல்லை. வெறும் இணையத்துக்காக இன்வெர்ட்டர் தேடுபவர்களுக்கு இதுவே போதும். கைபேசிக்கான பவர் பேங்கில் 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், அது உள்ளே உள்ள 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டில் வெளியே வருவது 6,000 முதல் 6,500 வரைதான். குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

பிள்ளை படிக்க அறை முழுவதும் வெளிச்சம் தேவையில்லை. உள்ளேயே பேட்டரி உள்ள எல்.இ.டி. மேசை விளக்கு ஒன்று போதும். நடமாட்டத்துக்கு ஒரு சிறு விளக்கை வெள்ளைக் கூரையைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். ஒளி சிதறி அறை முழுக்க மென்மையாகப் பரவும். மெழுகுவர்த்தியை வழக்கமாக்காதீர்கள். என்றோ ஒரு நாள் என்றால் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வார். தினமும் ஏற்றினால், ஒரு நாள் அது திரைச்சீலைக்குப் பக்கத்தில் தனியாக எரியும்.

மின்சாரம் போகும் கணத்துக்கு எல்லோரும் தயாராக இருக்கிறார்கள். அது திரும்பும் கணத்தில்தான் கருவிகள் கெடுகின்றன. வெட்டு முடியும்போது தெருவிலுள்ள அத்தனை குளிர்பெட்டிகளும் ஏ.சி.களும் தண்ணீர் மோட்டார்களும் ஒரே நொடியில் கிளம்புகின்றன. வழக்கமாக அவை மாறி மாறி ஓடுபவை. இரண்டரை மணி நேரம் நின்றதால் எல்லாமே ஒன்றாக ஓட வேண்டிய நிலையில் இருக்கின்றன. கிளம்பும் மோட்டார் ஓடும் மோட்டாரைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அதனால் மின்னழுத்தம் தாழ்கிறது, சில சமயம் டிரான்ஸ்பார்மரின் ஃபியூஸ் போய் மறுபடி இருட்டாகிறது. தாழ்ந்த மின்னழுத்தத்தில் கிளம்ப முடியாமல் முனகும் கம்ப்ரசர் சூடாகிச் சுருள் எரியும். ஆகவே மின்சாரம் போனதும் குளிர்பெட்டி, ஏ.சி., மோட்டார் சுவிட்சுகளை அணைத்துவிடுங்கள். வந்த பிறகு பத்து நிமிடம் பொறுத்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். கம்ப்ரசருக்கு உள்ளே அழுத்தம் சமனாகவும் மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். விட்டு விட்டு வரும் மின்சாரம் அதற்கு மிகக் கெடுதல். ஆள் இல்லாத நேரத்துக்கு, தாமதமாக இணைக்கும் வசதியுள்ள ஸ்டெபிலைசரைப் போட்டுவிடுங்கள்.

மின்சாரம் வந்ததும் சில விளக்குகள் கண் கூசும் பிரகாசத்திலும் சில மங்கலாகவும் எரிந்தால், யோசிக்காமல் மெயின் சுவிட்சை அணையுங்கள். தெருவிலோ கட்டடத்திலோ நியூட்ரல் அறுந்திருப்பதன் அடையாளம் அது. 230 வோல்ட்டுக்கான கருவிக்கு 400 வோல்ட்டுக்கு அருகில் வரை ஏறலாம். மின்னழுத்தம் எல்லை மீறினால் தானே துண்டிக்கும் பாதுகாப்பு ரிலே ஒன்றை மெயின் பெட்டியில் வைத்துக்கொள்வது, தினசரி வெட்டு உள்ள வீட்டுக்கு அவசியம் என்பேன்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். துணி தேய்த்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகிறது. பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே கிளம்புகிறோம். இரண்டு மணி நேரம் கழித்து, ஆளில்லாத வீட்டில் அது சூடேறத் தொடங்குகிறது. வெந்நீர் ஹீட்டருக்கும் மின் அடுப்புக்கும் இதே ஆபத்து. சூடாக்கும் எதையும் மின்சாரம் போன அந்த நிமிடமே பிளக்கிலிருந்து உருவிவிடுவதை வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாக்குங்கள்.

குளிர்பெட்டியை இன்வெர்ட்டரில் இணைக்கத் தேவையில்லை. கதவைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் உள்ளே உணவு பத்திரமாக இருக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும். உங்கள் இரண்டரை மணி நேரம் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. காலி இடமுள்ள ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி உறையவிடுங்கள். மாலை வெட்டுக்கு முன் இரண்டை எடுத்துக் கீழ்ப்பகுதியின் மேல்தட்டில் வையுங்கள். குளிர்ந்த காற்று கீழே இறங்கும். இரவு மறுபடி ஃப்ரீசரில் போட்டுவிடலாம். வெட்டு நேரத்தில் என்ன வேண்டும் என்று முன்பே யோசித்து வெளியே எடுத்துவைத்துவிட்டால் கதவுக்கு வேலையே இல்லை.

தாயாரைப் பற்றி விரிவாக எழுதவில்லை நீங்கள். அவர் இன்சுலின் போடுகிறவர் என்றால், திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பனிக்கட்டி பாட்டிலைத் தொட்டுக்கொண்டு வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. பயன்பாட்டில் உள்ள குப்பி பெரும்பாலான வகைகளில் நான்கு வாரம் அறை வெப்பத்தில் இருக்கலாம், ஆனால் 25 அல்லது 30 டிகிரி என்ற எல்லை ஒவ்வொன்றுக்கும் வேறு. மருந்தோடு வரும் தாளைப் பாருங்கள். ஆக்சிஜன் செறிவூட்டி தேவைப்படுபவர் என்றால் மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறும். அது மட்டுமே 350 வாட் வரை இழுக்கும்; ஒரு வேளைக்கே 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் போய்விடும். அதற்கென்று தனி இன்வெர்ட்டரும், அதுவும் நின்றால் திறக்க நிரம்பிய சிலிண்டரும் கையருகே இருக்க வேண்டும். மின் அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து வையுங்கள். இரண்டும் இல்லை, வெயில்தான் தொல்லை என்றால், காலை வெட்டுக்கு முன்பே வெயில் படும் சன்னல்களைத் திரையிட்டு மூடி, அவரைக் கீழ்த்தள அறைக்கு மாற்றுங்கள். கை, கால், கழுத்தில் ஈரத்துணி வைத்து விசிறியைத் திருப்பிவிட்டால் நன்றாகக் குளிரும். அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி மட்டும் போதாது. சூடான காற்றை உடம்பின் மேல் தள்ளிக் கெடுதலே செய்யும். அப்போது குளிர்ந்த இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டியதுதான்.

ஜெனரேட்டர் உங்கள் தேவைக்கு அதிகம். யாராவது வற்புறுத்தி வாங்கினால், அதை வீட்டுக்குள்ளோ பால்கனியிலோ மாடிப்படிக்குக் கீழோ ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் எழவே மாட்டார். சன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, வெட்டவெளியில் ஓட வேண்டும். அதன் வயரைச் சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது கொலைக்குச் சமம். அந்த மின்சாரம் தெரு டிரான்ஸ்பார்மரில் பின்னோக்கிப் போய், ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து, மின்வெட்டு என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைத் தாக்கும். தெரு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டே ஜெனரேட்டரை இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்கவே கூடாது. கூரையில் சூரியத் தகடு போட்டவர்களுக்கும் இதையொட்டி ஒரு செய்தி: மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண அமைப்பு, லைன்மேனின் பாதுகாப்புக்காகவே, வெட்டு நேரத்தில் தானாக நின்றுவிடும். நட்ட நடு வெயிலிலும் அதிலிருந்து ஒரு விளக்குகூட எரியாது. பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வகை என்றால்தான் ஓடும்.

வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் விசிறிகளும் மேசை விளக்கும், அடுத்து ரவுட்டரின் மினி யு.பி.எஸ்., பிறகு பாதுகாப்பு ரிலே, அதன்பின் இன்வெர்ட்டரும் பேட்டரியும். எல்லாம் வந்து மாட்டிய பிறகு, மின்சாரம் இருக்கும் ஒரு விடுமுறை நாள் பகலில், நீங்களே மெயின் சுவிட்சை அணைத்து இரண்டரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். எந்த விளக்கு தவறான லைனில் இருக்கிறது, எந்தப் பிளக் தெரியாமல் இழுக்கிறது, ரவுட்டர் எப்போது நிற்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். முடிவில் பேட்டரி எத்தனை வோல்ட் காட்டுகிறது, மெயினைப் போட்டபின் சார்ஜ் விளக்கு முழுமை காட்ட எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எழுதி வையுங்கள். அது ஐந்தரை மணி நேரத்தைத் தாண்டினால், அந்த எண்ணோடு கடைக்காரரிடம் போய் அதிக ஆம்பியர் சார்ஜர் கேளுங்கள்.